கீழப்பொட்டலிலிருந்து பேசுகிறோம்

நவம்பர் 3, திங்கள்

இன்று எங்கள் ஆபீசுக்கு இரண்டாவது ஏசி வந்தது. வண்டியிலிருந்து இறக்கும்போது தெருவே கூடிவிட்டது. “இது கம்ப்யூட்டருக்கா, பொம்பளைகளுக்கா?” என்று டீக்கடை ராக்கப்பன் கேட்டார். “ரெண்டு பேருக்குந்தேன். ஆம்பளைகளுக்குக் கெடையாது” என்று என்னோடு வேலை பார்க்கும் நூர்ஜஹான் திருப்பிக் கொடுத்தாள். அவர் டீயாற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

முன்பு இது பருத்தி மூட்டை அடுக்கும் குடோன். பருத்தி போடுவது நின்றபிறகு போன வருஷம் வரை ஆடுகள் ஒதுங்கும் இடமாக இருந்தது. இப்போது முப்பது பெண்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சென்னையில் பல கிளைகள் உள்ள சுடரகம் மருத்துவமனையின் உதவி எண்ணுக்குப் போன் போட்டால், பாதி அழைப்புகள் சென்னை ஆபீசுக்கும் மீதி எங்களுக்கும் வரும். நான் ஷிப்ட் லீடர். சொல்லும்போதே ஒரு அங்குலம் உயர்ந்த மாதிரி இருக்கிறது.

இதே மாதிரி வேலைக்காக நான் சென்னைக்குப் போய் ஆறு வருஷம் ஒரு ஹாஸ்டல் அறையில் நாலு பேரோடு படுத்தவள். ஆளை நகரத்துக்குக் கூட்டிப்போகாமல் வேலையை ஊருக்குக் கொண்டுவந்தவர் எங்கள் முதலாளி வைதேகி மேடம். ராமநாதபுரம் மாவட்டத்தில், அதுவும் கமுதியைத் தாண்டி, பஸ் நாளைக்கு இரண்டு தடவை மட்டும் எட்டிப்பார்க்கும் ஊரில் பணத்தைப் போடுவதா என்று அவருடைய கூட்டாளிகள் விலகிக்கொண்டார்களாம். மேடம் விலகவில்லை.

ஒரே ஒரு விதி உண்டு. எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் “சென்னை தலைமையகத்திலிருந்து” என்று சொல்லவேண்டும். ஊர்ப்பெயர் வாயில் வரக்கூடாது. மருத்துவமனைக்காரர்களிடமே மேடம் “தென்மாவட்டக் கிளை” என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். அவர்கள் மதுரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நவம்பர் 5, புதன்

காலையில் லைன் போய்விட்டது. எலி கடித்திருக்கிறது. மதுரையிலிருந்து நெட்வொர்க் பார்க்கும் கிளமெண்ட் வந்தார். தூத்துக்குடிக்காரர். எதையும் அவசரமில்லாமல் செய்வார், எனக்கு எரிச்சலாக வரும். “எதுக்கு ஏசுதீங்க, சரியாயிட்டுல்லா” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். லைன் சரியானபிறகும் ஒரு மணி நேரம் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சைப் புடவை கட்டிக்கொண்டு போனேன். வேறு எதுவும் காயவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மதுரையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கார் பஸ் நிறுத்தத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ரோடு கரடுமுரடாக இருக்கிறதாம். அப்பா கருவேல விறகைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டத்து வேலையை விட்டுவிட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்க் கூட்டிவந்தார்.

பையனின் அத்தை, கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டு, “பொண்ணு நல்லாத்தான் இருக்கு. பத்திரிகையில மட்டும் ஊரு பேரு ராமநாதபுரம்னு போட்டுக்கலாமா? கீழப்பொட்டல்னு போட்டா எங்காளுக ஒரு மாதிரி பேசுவாக” என்றார்.

அப்பா செம்பில் இருந்த தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, “போட வேணாம்த்தா. கலியாணமே வேணாம்” என்றார்.

எனக்கு வருத்தமில்லை. சாயங்காலம் மூன்று புடவைகளுக்கு இஸ்திரி போட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

காளீஸ்வரி வம்பில் மாட்டிக்கொண்டாள். புதிதாகச் சேர்ந்தவள், இருபத்தொரு வயது, கல்யாணமாகி எட்டு மாதம். அழைப்பில் ஒரு பாட்டி “நீ எந்த ஊரும்மா” என்று கேட்டதும் “கீழப்பொட்டலுங்க பாட்டி” என்று சொல்லியிருக்கிறாள். சென்னையில் அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுபவர்கள் சிவப்புக் குறி வைத்து அனுப்பிவிட்டார்கள்.

தனியாகக் கூப்பிட்டு விதியைச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு, “ஏக்கா, நம்ம ஊரு பேரு என்ன கெட்ட வார்த்தையா?” என்றாள்.

மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்தேன். மீட்டிங் எதுவும் இல்லை.

நவம்பர் 20, வியாழன்

ஒன்றுமில்லை. குழம்பு அடிப்பிடித்தது.

நவம்பர் 30, ஞாயிறு

சென்னையில் விடாமல் மழை. தம்பி முனியசாமி பெருங்களத்தூர் பக்கம் ஜேசிபி ஓட்டுகிறான். போனில் சத்தமே கேட்கவில்லை, மழைச் சத்தம்தான். “அக்கா, இன்னிக்கு வேலை இல்லை. வண்டிக்குள்ள உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டிருக்கேன்” என்றான். இங்கே சுள்ளென்று வெயில். எங்கள் ஊருக்கு வரவேண்டிய மழையும் அங்கேயே பெய்கிறது.

டிசம்பர் 1, திங்கள்

காலையில் கணினியைத் திறந்ததுமே திரையில் காத்திருப்பவர்கள் வரிசை நகராமல் நின்றது. இவ்வளவு அழைப்புகளை நான் பார்த்ததே இல்லை.

வைதேகி மேடம் போன் செய்தார். “பூமயில், இங்க சென்னை ஆபீஸ் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணி. பசங்களை மாடியில ஏத்தியிருக்கோம். கரண்ட் இல்லை. எல்லா காலும் உங்களுக்குத்தான் வரும். முடியுமா?”

முடியும் என்றேன். முப்பது பேர் அறுபது பேர் வேலையைச் செய்யவேண்டும். அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை. உடம்பெல்லாம் ஏதோ ஓடியது, பயம் என்று சொல்லமுடியாது. ஓட்டப்பந்தயத்தில் விசில் ஊதுவதற்கு முன்னால் வருமே, அது.

விடுப்பில் இருந்தவர்களையும் கூப்பிட்டேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். பிள்ளைகளை வாங்கிக்கொள்ள அப்பா வாசலில் நின்றார். கரிமூட்டம் போடுகிறவர் கையில் ஒரே நேரத்தில் மூன்று குழந்தைகள்!

டிசம்பர் 2, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

காலை பத்து மணி சுமாருக்கு ஒரு அழைப்பு.

“முடிச்சூர்லேர்ந்து பேசறேம்மா, ஜெகந்நாதன். என் ஒய்ஃப் ராஜேஸ்வரிக்கு டயாலிசிஸ் பண்ணணும். சனிக்கிழமையே பண்ணியிருக்கணும். உங்க தாம்பரம் பிராஞ்ச்ல யாரும் போன் எடுக்கலை.”

தாம்பரம் கிளைக்குள் தண்ணீர் புகுந்து, நோயாளிகளைக் குரோம்பேட்டைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே போகச் சொன்னேன்.

“எப்படிப் போறது? ஆம்புலன்ஸ் வராதுன்னுட்டான். முடிச்சூர் ரோடு திறந்திருக்கா? பெருங்களத்தூர் வழியாப் போகலாமா? நீ சென்னையிலதானே உட்கார்ந்திருக்கே, சொல்லு. அவளுக்குக் கால் ரெண்டும் வீங்கிடுச்சு, மூச்சு வாங்கறது!”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெயிலில் ஒரு ஆடு சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. சென்னை என்று சொல்லிவிட்டு ஏதாவது ஒரு வழியைச் சொல்லலாம். அந்த வழியில் கழுத்தளவு தண்ணீர் இருந்தால்?

“ஐயா, நான் சென்னையில இல்லைங்க. ராமநாதபுரம் மாவட்டத்துல கீழப்பொட்டல்னு ஒரு கிராமம். அங்க இருந்துதான் பேசுறேன். எந்த ரோட்டுல எவ்வளவு தண்ணின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னா அம்மாவுக்குத்தான் ஆபத்து. கொஞ்ச நேரம் கொடுங்க, கேட்டுச் சொல்றேன்.”

அவர் வெடித்தார். “கிராமமா? பொண்டாட்டி இங்க உசிரை விடறா, என்னைக் கொண்டுபோய் ஏதோ பட்டிக்காட்டுல மாட்டிவிட்டிருக்கானுங்களே!” போனை வைத்துவிட்டார்.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எழுந்து நின்றேன். ஆபீசில் சத்தம் போடக்கூடாது என்று எல்லாருக்கும் பாடம் எடுப்பவளே நான்தான். தொண்டை கிழியக் கத்தினேன்: “முடிச்சூரு, பெருங்களத்தூரு பக்கம் யாரு வீட்டாளு இருக்கா?”

கைகள் எழுந்தன. நூர்ஜஹானின் அண்ணன் பெருங்களத்தூரில் டீக்கடை வைத்திருக்கிறார். காளீஸ்வரியின் கணவன் முடிச்சூர் பக்கமே தண்ணீர் லாரி ஓட்டுகிறான். இன்னொருத்தியின் மாமனார் ஒரு அடுக்குமாடியில் காவல்காரர். மழையில்லாமல் இந்த ஊர் ஆண்கள் பிழைக்கப்போன இடமெல்லாம் சென்னைதான். இத்தனை நாளும் அதை ஊரின் குறையாகத்தான் பேசியிருக்கிறோம். அவரவர் செல்போனை எடுத்துக் கூப்பிட்டோம். அஞ்சு நிமிஷத்தில் எங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. முடிச்சூர் ரோட்டில் இடுப்பளவுக்கு மேல் தண்ணீர். பழைய பெருங்களத்தூர்ப் பக்கம் முழங்கால் அளவு, பெரிய வண்டி போகும். மேம்பாலம் ஏறிவிட்டால் குரோம்பேட்டை வரை சாலை திறந்திருக்கிறது.

தம்பியைக் கூப்பிட்டேன்.

“டேய், வண்டி எங்கடா நிக்குது?”

“இங்கதாங்க்கா சும்மா நிக்குது.”

“முடிச்சூர்ல ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வரணும். முடியுமா?”

“ஓனருட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்… இல்ல, போய்க்கிட்டே கேட்டுக்கிறேன். வீடு எங்கன்னு சொல்லு.”

ஜெகந்நாதன் ஐயாவைத் திரும்ப அழைத்தேன். யார் என்று கேட்டார். “ஐயா, அதே பட்டிக்காடுதான் பேசுறேன். எங்க ஊர்ப் பையன் ஜேசிபி எடுத்துக்கிட்டு உங்க தெருவுக்கு வர்றான். அம்மாவை மாடிப்படிக்குக் கொண்டுவாங்க. மருந்துச் சீட்டையும் பழைய ரிப்போர்ட்டையும் பிளாஸ்டிக் பையில போட்டுக்கங்க.”

“ஜேசிபியா?”

“ஆமாங்க. மண்ணள்ளுற வண்டி. கழுவித்தான் வச்சிருப்பான், மழையில.”

அந்த மனுஷர் அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை.

வண்டியின் முன்பக்கம் மண்ணள்ளும் தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அந்த அம்மாவை உட்காரவைத்து, புருஷன் குடைபிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க, தம்பி தண்ணீருக்குள் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டியிருக்கிறான். காளீஸ்வரியின் கணவன் முன்னால் தண்ணீரில் இறங்கிக் கம்பால் குத்திப் பார்த்துப் பள்ளம் சொல்லியிருக்கிறான். நூர்ஜஹானின் அண்ணன் மேம்பாலத்தடியில் ஒரு வேனைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். குரோம்பேட்டை கிளைக்கு நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர்கள் வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள்.

“நெஞ்சு அடிச்சுக்கிச்சுக்கா. அந்தம்மா என்னமோ கைகாட்டுச்சு. நிறுத்திக் கேட்டா, ‘இதுல சீட் பெல்ட் இல்லையாப்பா’ங்குது” என்று தம்பி சொன்னபோது, ஆபீசே சிரித்தது. நூர்ஜஹான் மட்டும் அழுதாள்.

பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னேன்: “இனிமே யாரு கேட்டாலும் ஊரு பேரைச் சொல்லுங்க. ரோடு கேட்டாங்கன்னா கேட்டுச் சொல்றோம்னு உண்மையைச் சொல்லுங்க. என்ன வந்தாலும் நான் பாத்துக்கிறேன்.”

காளீஸ்வரி அடுத்த அழைப்பை எடுத்தாள். “வணக்கம், கீழப்பொட்டல்லருந்து காளீஸ்வரி பேசுறேன்.” அந்தக் குரலில் இருந்த துள்ளலை எந்தப் பயிற்சியிலும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

டிசம்பர் 3, புதன்

இன்று எங்கள் பக்கமும் காற்று. மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் மதியம் வரை ஓடியது, அப்புறம் டீசல் தீரும் நிலை. கமுதி பங்க்கில் டீசல் இல்லை.

அப்பா எங்கோ போனார். கொஞ்ச நேரத்தில் டிராக்டர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கேனோடு வந்தார்கள். தொட்டியில் கிடந்ததை உறிஞ்சி எடுத்து வந்திருக்கிறார்கள். ஆபீஸ் திறந்தபோது “போன்ல பேசுறதுக்கெல்லாமா சம்பளம்?” என்று கேலி செய்த குருசாமி மாமாவும் அதில் ஒருவர். கேனை வைத்துவிட்டு, “உழவுக்கு இன்னும் நாளு கெடக்கு. நீங்க பேசுங்கத்தா” என்றார்.

இன்னொரு அதிசயம். மதியச் சாப்பாட்டை எங்கள் வீட்டு ஆண்கள் சமைத்தார்கள். கோயில் அண்டாவில் எலுமிச்சைச் சாதம். ஒரு பக்கம் உப்பே இல்லை, இன்னொரு பக்கம் உப்பு மட்டும்தான். யாரும் குறை சொல்லவில்லை. ஒரு கையில் தட்டு, காதில் ஹெட்போன்.

கிளமெண்ட் மதுரையிலிருந்து பைக்கிலேயே வந்துவிட்டார். மெயின் லைன் எந்த நேரமும் அறுந்துவிடலாம் என்று மாற்று லைனுக்கான பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அருப்புக்கோட்டையிலிருந்து நல்ல மழையாம். அவர் முழுக்க நனைந்திருந்தார், பெட்டி நனையவில்லை. “யாரும் வரச் சொல்லலையே” என்றேன். “சொல்லத்தான் செய்யணுமா?” என்று கேட்டுவிட்டு வேலையில் இறங்கினார்.

அவர் சாப்பிட்டாரா என்று பார்ப்பது ஷிப்ட் லீடரின் கடமை. உப்புச் சரியாக இருந்த இடத்திலிருந்து எடுத்துக்கொடுத்தேன். அப்பாவின் சட்டை அவருக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது.

டிசம்பர் 4, வியாழன்

ராஜேஸ்வரியம்மாள் பிழைத்துவிட்டார். கண் விழித்து இட்லி கேட்டாராம்.

மழை விட்டது. தூங்கப்போகிறேன்.

டிசம்பர் 6, சனி

விஷயம் வெளியே வந்துவிட்டது. மருத்துவமனை வாசலில் ஒரு தொலைக்காட்சிக்காரர் மைக்கை நீட்டியதும் ஜெகந்நாதன் ஐயா, “கீழப்பொட்டல்னு ஒரு ஊர் இருக்கு சார், மேப்ல தேடிப் பாருங்க. அந்த ஊர்ப் பெண்கள் இல்லேன்னா என் ராஜி இல்லை” என்று சொல்லியிருக்கிறார். ராக்கப்பன் கடை டிவியில் அதைப் போட்டபோது ஊரே விசிலடித்தது. டீ இலவசம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு ராக்கப்பன் பட்ட பாடு!

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் வைதேகி மேடத்தின் போன் வந்தது.

“யாரைக் கேட்டு ஊர்ப் பேரைச் சொன்னே? சுடரகத்துலேர்ந்து விளக்கம் கேட்கறாங்க. ஒரு வருஷமா எங்களை ஏமாத்தினீங்களான்னு கேட்கறாங்க. கான்ட்ராக்ட் போச்சுன்னா சென்டரையே மூடணும், தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“உங்களை மறைச்சு வெச்சது உங்களைக் காப்பாத்தத்தான் பூமயில்.”

“அதுவும் தெரியும் மேடம். நீங்க இல்லேன்னா இந்த ஆபீசே இல்லை. ஆனா எங்க பேருல ஒரு குத்தம் வந்தா வரட்டும், நாங்க வாங்கிக்கிறோம். நல்லா வேலை பாத்ததுக்கும் எங்க பேரு வரக்கூடாதா?”

“வியாழக்கிழமை அவங்க நேர்ல வராங்க. நானும் வரேன்” என்றார் மேடம்.

என்னை வேலையை விட்டு எடுத்தாலும் பரவாயில்லை. மற்றவர்களை ஒன்றும் செய்யக்கூடாது. இதை யாரிடமும் சொல்லவில்லை. கிளமெண்டிடம் மட்டும் சொன்னேன், லைன் விஷயமாகப் பேசும்போது.

டிசம்பர் 11, வியாழன்

டாக்டர் சந்திரலேகா வந்தார். சுடரகம் மருத்துவமனைகளின் நிர்வாகம் முழுக்க அவர் கையில். டிரைவர் ஊரைத் தாண்டிப் போய்விட்டு, ஆட்டுக்காரர் ஒருவரிடம் கேட்டுத் திரும்பி வந்தாராம். சிரிக்காத முகம். பொன்னாடை வேண்டாம், இளநீர் வேண்டாம். நேராக வந்து காளீஸ்வரிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

காளீஸ்வரி நடுங்கிப்போய் என்னைப் பார்த்தாள். நான் கையசைத்தேன். அழைப்பு வந்தது. குழந்தைக்கு வலிப்பு என்று ஒரு தகப்பன் கதறினான். அவளுடைய நடுக்கம் எங்கே போனதோ! ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே ஆம்புலன்சை அனுப்பி, அது போய்ச் சேரும் வரை அந்தத் தகப்பனை விடாமல் பேச்சில் பிடித்துவைத்திருந்தாள். டாக்டர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளுடைய தண்ணீர் பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தார்.

பிறகு எங்கள் எல்லார் முன்னாலும் வைதேகி மேடத்தைக் கேட்டார்: “ஒரு வருஷமா எங்ககிட்ட எதுக்குப் பொய் சொன்னீங்க?”

மேடம் ஏதோ ஆரம்பித்தார், “தென்மாவட்ட…” என்று. நிறுத்திக்கொண்டார். “பயம் டாக்டர். கிராமம்னு சொன்னா நீங்க வேலை கொடுத்திருக்க மாட்டீங்க.”

டாக்டர் யோசித்தார். “ஆமாம். கொடுத்திருக்க மாட்டோம்தான்” என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

அடுத்த ஒரு மணி நேரம் கட்டடத்தைச் சுற்றி வந்தார். இன்னொரு மின் இணைப்பு வேண்டும், டீசல் இருப்பு வேண்டும், தனி லைன் வேண்டும், முதலுதவிப் பயிற்சி வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். “டிராக்டர்லேர்ந்து டீசல் எடுத்தோம்னு இன்னொரு தடவை சொல்லக்கூடாது” என்றபோது பின்னாலிருந்து குருசாமி மாமா, “நல்லா வெலை குடுத்தா தாராளமா எடுத்துக்கலாம்ங்க” என்றார். அப்போதுதான் டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார்.

காரில் ஏறுமுன் என்னிடம், “உங்க ஊர்ல யாருக்காவது டயாலிசிஸ் பண்ணணும்னா எங்கே போவீங்க?” என்று கேட்டார்.

“மதுரைக்குங்க. விடியக்காலம் போனா ராத்திரி ஆகும் வீடு திரும்ப.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார். ஒப்பந்தம் பற்றிய முடிவை நிர்வாகக் கூட்டத்தில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வைதேகி மேடம் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். “நான் சொல்லியிருக்கணும். நீ சொல்லிட்டே” என்றார்.

டிசம்பர் 15, திங்கள்

நல்லது மட்டும் நடக்கவில்லை. எங்களிடம் சின்ன வேலை ஒன்றைக் கொடுத்திருந்த ஒரு நகை நிறுவனம் விலகிக்கொண்டது. “எங்கள் வாடிக்கையாளர்களின் எதிர்பார்ப்புக்குப் பொருந்தாது” என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வேலையைப் பார்த்த ஐந்து பேரின் இருக்கைகள் இன்று காலியாகக் கிடந்தன. நூர்ஜஹான், “நம்ம கழுத்துல போடுறதுக்கு மட்டும் நம்ம ஊருக்கே வந்து விப்பாய்ங்க” என்று பொருமினாள்.

அந்த ஐந்து பேரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பயிற்சி என்று சொல்லி மற்றவர்கள் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறேன். எத்தனை நாள் முடியுமோ. நான் வாயைத் திறந்ததன் விலை இது. ஐந்து பேரில் ஒருத்திகூட என்னிடம் கோபத்தைக் காட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

டிசம்பர் 19, வெள்ளி

வந்துவிட்டது! வந்துவிட்டது!

சுடரகம் போகவில்லை. போகாதது மட்டுமில்லை, அவசர அழைப்புகள் முழுவதையும் எங்களுக்கே கொடுக்கிறார்கள். இன்னும் நாற்பது பேரை எடுக்கவேண்டும். மின் இணைப்புக்கும் தனி லைனுக்கும் பாதிச் செலவு அவர்களுடையது. மேடம் போனில் வாசிக்க வாசிக்க நான் திருப்பிச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல ஆபீஸ் கத்தியது. போனில் காத்திருந்த ஒருவர் “அங்க என்னம்மா கல்யாணமா?” என்று கேட்டிருக்கிறார். காளீஸ்வரி “அதைவிடப் பெரிசுங்க” என்றாளாம்.

அந்த ஐந்து பேரைத்தான் முதலில் கூப்பிட்டுச் சொன்னேன்.

பக்கத்துக் கட்டடத்தில் இரண்டு டயாலிசிஸ் இயந்திரம் வைத்து ஒரு சின்னக் கிளை திறக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. பேச்சுதான். இடம் யாருடையது என்று கேட்டார்கள். குருசாமி மாமாவுடையது. விலை சொல்வதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டிசம்பர் 27, சனி

ஆள் எடுப்பு. மேலப்பொட்டலிலிருந்தும், அதற்கும் அப்பாலிருந்தும் பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். ஒருத்தியின் புருஷன், பெருங்களத்தூரில் கொத்து வேலை பார்க்கிறவன், லீவு போட்டு வந்து அவளை இறக்கிவிட்டுப் போனான். போகும்போது என்னிடம், “எனக்கும் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. அங்கிட்டு ஒத்தையில கெடக்குறது சலிச்சுப்போச்சு” என்றான். ஆண்களை எடுப்பது பற்றி மேடத்திடம் கேட்கவேண்டும். நூர்ஜஹான் எதிர்ப்பாள். ஏசி விஷயத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறாளே!

பெண் பார்க்க வந்த மதுரை அத்தையிடமிருந்து அப்பாவுக்குப் போன். டிவியில் பார்த்தார்களாம். பத்திரிகையில் கீழப்பொட்டல் என்றே போட்டுக்கொள்ளலாமாம். “பொண்ணு வேலையா இருக்கா, பேச நேரமில்லை” என்று சொல்லி வைத்துவிட்டார் அப்பா. எனக்கு ஏன் அவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று தெரியவில்லை.

ஜனவரி 5, திங்கள்

பெரிய லைன் வந்துவிட்டதால் இங்கேயே ஒருவர் தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மதுரையிலிருந்து யாரும் வர ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்று நினைத்தேன். கிளமெண்ட் தானே எழுதிக்கொடுத்து மாற்றல் வாங்கி வந்திருக்கிறார். சம்பளம் கூடவில்லை. ராக்கப்பன் கடைக்கு மேல் மாடியறை. இரண்டு பெட்டி, ஒரு பைக், மீன் தொட்டி ஒன்று. இந்த வெயிலில் மீன் தொட்டி!

சாயங்காலம் அப்பா கரி படிந்த கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “அந்தத் தம்பி மதுரையை விட்டுட்டு எதுக்குத்தா நம்ம ஊருக்குக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கு?”

“இங்க லைன் நல்லா இருக்காம்ப்பா” என்றேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். துண்டால் கையைத் துடைத்தார். “அப்ப ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. தூத்துக்குடிக்காரப் புள்ள, மீன் கொழம்புல கொற சொல்லாத மாதிரி வய்யி” என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

நாளை கமுதிக்குப் போகவேண்டும். நல்ல விளமீனாகப் பார்த்து வாங்கவேண்டும்.